ஐந்து சொட்டு மருந்தின் கதை

1. பெயர் தெரியாத எதிரி

வயிற்றுப்போக்கைப் பார்க்காத வீடு இல்லை. பெரியவர்களுக்கு வந்தால் இரண்டு நாளில் சரியாகிவிடும். கைக்குழந்தைக்கு வந்தால் அப்படி இல்லை. குழந்தையின் உடம்பு சிறியது. அதில் உள்ள நீரும் குறைவு. தண்ணீர் போலப் பேதியாகும். கூடவே வாந்தியும் வரும். சில மணி நேரத்திலேயே உடம்பில் உள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடும். நாக்கு வறளும். கண் குழி விழும். உச்சிக்குழி அமுங்கும். உடனே கவனிக்காவிட்டால் குழந்தை இறந்துவிடும்.

"பல் முளைக்கிறது, அதனால்தான் போகிறது" என்று சிலர் சொல்வார்கள். "கண் பட்டுவிட்டது" என்று சிலர் சொல்வார்கள். சிலர் தொக்கம் எடுக்க ஓடுவார்கள். உண்மையான காரணம் வேறு. அது கண்ணுக்குத் தெரியாது.

வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் பல. அவற்றுள் குழந்தைகளை மிகவும் வாட்டுவது ரோட்டா வைரஸ். 1973 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இதைக் கண்டுபிடித்தார்கள். ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் நோயுற்ற குழந்தைகளின் குடலை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். சின்னச் சின்னச் சக்கரங்களைப் போல ஏதோ தெரிந்தது. லத்தீன் மொழியில் ரோட்டா என்றால் சக்கரம். அதுவே கிருமியின் பெயராயிற்று.

இந்தக் கிருமி எவ்வளவு சிறியது தெரியுமா? ஒரு கடுகின் அகலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கிருமிகளை வரிசையாக நிறுத்தலாம்.

இவ்வளவு சிறிய கிருமி செய்த கொடுமை பெரிது. தடுப்பு மருந்து வருவதற்கு முன் இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 78,000 குழந்தைகள் ரோட்டா வைரஸால் இறந்தார்கள் என்று மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். எல்லாரும் 5 வயதுக்குக் குறைந்தவர்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் மேல்.

இந்தக் கிருமி ஏழை, பணக்காரர் என்று பார்ப்பதில்லை. பணக்கார நாட்டுக் குழந்தைகளுக்கும் வந்தது. ஆனால் அங்கே ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தது. நம் நாட்டில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே பல குழந்தைகள் இறந்தன.

2. தில்லி ஆஸ்பத்திரியில் ஒரு வியப்பு

நம் நாட்டின் தலைநகர் தில்லி. அங்கே அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் என்ற பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. சுருக்கமாக எய்ம்ஸ் என்பார்கள். இது 1956 இல் தொடங்கப்பட்டது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் இங்கே வருகிறார்கள்.

1985, 1986 ஆம் ஆண்டுகளில் இங்கே ஒரு புதுமை தெரிய வந்தது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளின் மலத்தைச் சோதித்தார்கள். பல குழந்தைகளின் மலத்தில் ரோட்டா வைரஸ் இருந்தது. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு இல்லை! வாந்தி இல்லை. பால் குடித்தன. நன்றாகத் தூங்கின.

கிருமி இருக்கிறது. நோய் இல்லை. இது எப்படி?

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் டாக்டர் மகராஜ் கிஷன் பான். இவர் குழந்தை மருத்துவர். "குழந்தைகள் நன்றாகத்தானே இருக்கின்றன" என்று அவரும் கூட இருந்தவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. இந்தக் குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகும் தொடர்ந்து கவனித்தார்கள். கிருமி தொற்றாத குழந்தைகளையும் கவனித்தார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டார்கள்.

பிறந்தவுடன் அந்தக் கிருமி தொற்றிய குழந்தைகளுக்குப் பின்னாளில் ரோட்டா வயிற்றுப்போக்கு குறைவாகவே வந்தது. இந்த ஆராய்ச்சி 1993 இல் வெளியாயிற்று.

அதாவது, இந்தக் கிருமி நோயைத் தரவில்லை. நோய்க்குக் காவலைத் தந்தது. இந்த சாதுவான கிருமிக்கு 116ஈ என்று அடையாளப் பெயர் வைத்தார்கள்.

3. கிருமியின் உள்ளே என்ன இருக்கிறது?

ஒரே ரோட்டா வைரஸ் ஒரு குழந்தையைக் கொல்கிறது. இன்னொரு குழந்தையை ஒன்றும் செய்வதில்லை. அப்படியானால் இரண்டும் ஒரே ரகம் இல்லை. நெல்லில் பல ரகம் இருப்பது போலக் கிருமியிலும் பல ரகம் உண்டு. ரகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு உதவுவது மூலக்கூறு உயிரியல் என்ற அறிவியல். உயிருக்குள் இருக்கும் மிகச் சிறிய பொருள்களைப் பற்றிய படிப்பு இது.

எல்லா உயிருக்குள்ளும் மரபணுக்கள் இருக்கின்றன. மரபணு என்பது ஒரு குறிப்புச் சீட்டு மாதிரி. உயிர் எப்படி இருக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கிறது. தமிழில் 247 எழுத்துகள் உண்டு. மரபணுவில் 4 எழுத்துகள்தான்! அந்த 4 எழுத்துகளே மாறி மாறி வருகின்றன. எழுத்து மாறினால் பொருள் மாறும். 'பல்' என்பதில் ஓர் எழுத்து மாறினால் 'கல்' ஆகிவிடுகிறது அல்லவா? மரபணுவிலும் அப்படித்தான்.

ரோட்டா வைரஸின் மரபுப் பொருள் 11 துண்டு நூல்களாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு நீளம். இந்தத் துண்டுகளைப் பிரித்துப் பார்க்க ஆய்வுக்கூடத்தில் ஒரு வழி உண்டு.

முதலில் மலத்திலிருந்து கிருமியின் நூல்களை மட்டும் தனியே எடுப்பார்கள். பிறகு கடல்பாசி அல்வாவைப் போன்ற மெல்லிய கூழ்த் தகடு ஒன்றைத் தயாரிப்பார்கள். அதன் ஒரு முனையில் நூல்களை இடுவார்கள். தகட்டில் மின்சாரம் செலுத்துவார்கள். மின்சாரம் நூல்களை மறுமுனைக்கு இழுக்கும்.

திருவிழாக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். சின்னப் பையன் கூட்டத்தில் நுழைந்து நுழைந்து முன்னால் போய்விடுவான். பருத்த ஆள் பின்தங்குவார். அதே போலச் சிறிய துண்டு கூழுக்குள் வேகமாக ஓடும். பெரிய துண்டு மெதுவாக நகரும். கொஞ்ச நேரத்தில் துண்டுகள் பிரிந்து நிற்கும். சாயம் ஏற்றிப் பார்த்தால் வரிவரியாகத் தெரியும். இந்த வரிகள் கிருமியின் கைரேகை போல. ஒரு ரகத்துக்கும் இன்னொரு ரகத்துக்கும் வரிகளில் வேறுபாடு இருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு துண்டையும் மற்றக் கிருமிகளின் துண்டுகளுடன் ஒப்பிடுவார்கள். 116ஈ கிருமியை இப்படி ஆராய்ந்தபோது இன்னொரு வியப்பு தெரிந்தது. அதன் 11 துண்டுகளில் 10 துண்டுகள் மனிதரைத் தொற்றும் ரோட்டா வைரஸைச் சேர்ந்தவை. ஒரு துண்டு மட்டும் மாட்டைத் தொற்றும் ரோட்டா வைரஸைச் சேர்ந்தது!

மனிதக் கிருமிக்குள் மாட்டுக் கிருமியின் துண்டு எப்படி வந்தது? இரண்டு சீட்டுக்கட்டுகளைச் சேர்த்துக் கலைத்தால் ஒரு கட்டின் சீட்டு இன்னொரு கட்டுக்குப் போய்விடும். இரண்டு ரகக் கிருமிகள் ஒரே உயிரின் ஒரே செல்லுக்குள் நுழைந்தால் இப்படிக் கலப்பு நேரும். இதை எந்த விஞ்ஞானியும் செய்யவில்லை. இயற்கையே செய்தது. விஞ்ஞானிகள் அதைக் கண்டுகொண்டார்கள்.

4. கிருமி மருந்தாகிறது

நம் உடம்புக்கு நினைவாற்றல் உண்டு. ஒரு கிருமியை ஒருமுறை பார்த்துவிட்டால் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்ளும். மறுமுறை வந்தால் எதிர்த்து நிற்கும். தடுப்பு மருந்தின் அடிப்படை இதுதான். சாதுவான கிருமியை முன்னதாகவே உடம்புக்குக் காட்டிவிடுகிறோம். கொடிய கிருமி வரும்போது உடம்பு தயாராக இருக்கிறது.

116ஈ சாதுவான கிருமி. ஆகவே அதைக் கொண்டே மருந்து செய்யலாம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு வேண்டிய மருந்தைச் செய்வது எளிதா? வைரஸ் தானாக வளராது. உயிருள்ள செல்லுக்குள்தான் பெருகும். ஆகவே குரங்கின் சிறுநீரகத்திலிருந்து முன்னொரு காலத்தில் எடுத்த செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துவருகிறார்கள். அந்தச் செல்களில் கிருமியைப் பெருக்கினார்கள். பிறகு சுத்தம் செய்து மருந்தாக்கினார்கள்.

இந்த வேலையை ஏற்றது ஹைதராபாத்தில் உள்ள பாரத் பயோடெக் நிறுவனம். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை பணம் கொடுத்து உதவியது. அமெரிக்க விஞ்ஞானிகளும் அறக்கட்டளைகளும் துணை நின்றார்கள். வெளிநாட்டுத் தடுப்பு மருந்துகள் அப்போதே கடைக்கு வந்திருந்தன. ஆனால் ஏழைக் குடும்பம் வாங்கும் விலையில் இல்லை. இந்திய மருந்தை ஒரு வேளைக்கு ஒரு டாலர் விலையில் தருவதாக நிறுவனம் அறிவித்தது. 2013 இல் ஒரு டாலர் சுமார் 55 ரூபாய்.

மருந்தைச் செய்துவிட்டால் மட்டும் போதாது. அது கெடுதல் செய்யாது என்று உறுதி செய்ய வேண்டும். இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1998 இல் அமெரிக்காவில் ஒரு ரோட்டா தடுப்பு மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். அதைக் குடித்த மிகச் சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொண்டது. இது ஆபத்தானது. மறு ஆண்டே, 1999 இல், அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். ஆகவே இந்திய மருந்தைச் சோதித்தவர்கள் இந்தக் கெடுதல் வருகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். முதலில் பெரியவர்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு சிறுவர்களுக்கு. பிறகுதான் கைக்குழந்தைகளுக்கு.

5. 6,799 குழந்தைகள்

பெரிய சோதனை 2011 இல் தொடங்கியது. தில்லி, பூனாவை அடுத்த கிராமப்புறம், தமிழ்நாட்டின் வேலூர் ஆகிய 3 இடங்களில் நடந்தது. தில்லியில் டாக்டர் நீதா பண்டாரி முன்னின்று நடத்தினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ககன்தீப் காங் நடத்தினார்.

மொத்தம் 6,799 கைக்குழந்தைகள் சேர்ந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் தில்லிக் குழந்தைகள். குழந்தைகளை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தடுப்பு மருந்து. மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்து இல்லாத வெறும் சொட்டு. யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது. சொட்டுக் கொடுப்பவருக்கும் தெரியாது. தெரிந்தால் பார்வையில் ஓரவஞ்சனை வந்துவிடும். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் எந்தப் பங்காக இருந்தாலும் மருத்துவ உதவி கிடைத்தது.

முடிவு 2013 மே மாதம் வெளியாயிற்று. மருந்து பெறாத கூட்டத்தில் 100 குழந்தைகளுக்குக் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து பெற்ற அதே அளவு கூட்டத்தில் சுமார் 45 குழந்தைகளுக்குத்தான் வந்தது. பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. முழுவதும் ஒழியவில்லை என்பதும் உண்மை. ஆனால் பாதி என்பது எத்தனை ஆயிரம் உயிர்!

இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர் யார்? டாக்டர்கள் என்போம். விஞ்ஞானிகள் என்போம். அது சரி. ஆனால் 6,799 வீடுகளின் தாய் தந்தையரும் இதில் பங்காளிகள். அவர்கள் தங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராவிட்டால் இந்த மருந்து இல்லை. எய்ம்ஸில் பிறந்த பச்சிளங் குழந்தைகள் இல்லாவிட்டால் 116ஈ கிருமியே தெரிந்திருக்காது.

இப்படிப்பட்ட சோதனையில் யாரையும் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது. இது சட்டம். எல்லா விவரத்தையும் அவரவர் மொழியில் சொல்ல வேண்டும். எழுதியும் கொடுக்க வேண்டும். சம்மதித்தால்தான் கையெழுத்து. படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலையான சாட்சி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் முன்னால் படித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு. "வேண்டாம்" என்று சொல்லவும் உரிமை உண்டு. நடுவில் விலகவும் உரிமை உண்டு. உங்களிடம் யாராவது ஒரு தாளை நீட்டினால் முழுவதும் படியுங்கள். புரியாததைக் கேளுங்கள். படிக்கக் கற்றது இதற்கும்தான்.

6. நம் வீட்டு வாசலுக்கு வந்தது

2014 இல் மருந்துக்கு அரசு அனுமதி கிடைத்தது. அதன் பெயர் ரோட்டாவாக். 2015 மார்ச் மாதம் தில்லியில் பிரதமர் அதை வெளியிட்டார். 2016 இல் ஆந்திரா, அரியானா, இமாசலப் பிரதேசம், ஒடிசா ஆகிய 4 மாநிலங்களில் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2017 இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. 2019 இல் நாடு முழுவதும் பரவியது. 2018 இல் உலக சுகாதார நிறுவனமும் இந்த மருந்தை ஏற்றுக்கொண்டது. பூனாவில் உள்ள சீரம் நிறுவனமும் ரோட்டாசில் என்ற இன்னொரு மருந்தைச் செய்கிறது. அரசு நிலையங்களில் இரண்டில் ஒன்று கிடைக்கும்.

டாக்டர் பான் 2020 ஜனவரி 26 அன்று காலமானார். அவர் கிருமியைப் பார்த்த நாளிலிருந்து சொட்டு மருந்து வெளியாகும் வரை சுமார் 30 ஆண்டுகள் ஆயின. அதற்குள் அன்று எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளே பெரியவர்களாகிவிட்டார்கள். நல்ல மருந்து ஒரே நாளில் வருவதில்லை.

7. பெற்றோர் கவனத்துக்கு

• ரோட்டா தடுப்பு மருந்து ஊசி இல்லை. வாயில் கொடுப்பது. ரோட்டாவாக் என்றால் ஒரு வேளைக்கு 5 சொட்டு.

• மூன்று முறை கொடுக்க வேண்டும். குழந்தை பிறந்த 6 ஆவது வாரம், 10 ஆவது வாரம், 14 ஆவது வாரம். ஒருமுறை கொடுத்துவிட்டு நிறுத்தக் கூடாது.

• அரசு ஆஸ்பத்திரியிலும் சுகாதார நிலையத்திலும் இது இலவசம். யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

• இது போலியோ சொட்டு மருந்து இல்லை. இரண்டும் வேறு. இரண்டும் வேண்டும்.

• மருந்து கொடுத்த பிறகும் தாய்ப்பால் கொடுக்கலாம்.

• தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். தேதியைக் குறித்தார்களா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

• சொட்டுப் போட்ட பிறகு குழந்தை விடாமல் வீரிட்டு அழுதால், மலத்தில் ரத்தம் வந்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வயிறு உப்பினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இது மிக அரிது. ஆனாலும் தாமதிக்கக் கூடாது.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தச் சொட்டு ரோட்டா வைரஸை மட்டுமே தடுக்கும். வேறு கிருமிகளாலும் வயிற்றுப்போக்கு வரும். அப்படி வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தால் அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கரையுங்கள். பொட்டலம் இல்லையா? கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீர் எடுங்கள். தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை போடுங்கள். தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்புப் போடுங்கள். உப்புக் கூடிவிடக் கூடாது. கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சுகாதார நிலையத்தில் ஜிங்க் மாத்திரை கொடுப்பார்கள். பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும்.

குழந்தை சோர்ந்து கிடந்தால், குடிக்க மறுத்தால், கண் குழி விழுந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டதும் மெதுவாகத் திரும்பினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வழியிலும் கரைசல் கொடுத்துக்கொண்டே போங்கள்.

புதிய சொற்கள்

வைரஸ் – உயிருள்ள செல்லுக்குள் மட்டும் பெருகும் மிகச் சிறிய கிருமி.
செல் – உயிரின் மிகச் சிறிய பகுதி. பல செல்கள் சேர்ந்தது நம் உடம்பு.
மரபணு – உயிரின் குணங்களைக் குறித்து வைத்திருக்கும் பொருள்.
ஆய்வுக்கூடம் – விஞ்ஞானச் சோதனை செய்யும் இடம்.
தடுப்பு மருந்து – நோய் வரும் முன்பே காக்கும் மருந்து.

கேள்விகள்

1. ரோட்டா என்ற சொல்லுக்கு என்ன பொருள்?
2. தில்லி ஆஸ்பத்திரியில் கண்ட வியப்பு என்ன?
3. கூழ்த் தகட்டில் எந்தத் துண்டு வேகமாக ஓடும்? ஏன்?
4. சோதனையில் யாருக்கு எந்தச் சொட்டு என்பதை ஏன் மறைத்து வைத்தார்கள்?
5. ரோட்டா சொட்டு மருந்து எத்தனை முறை கொடுக்க வேண்டும்? எந்தெந்த வாரத்தில்?

செய்து பாருங்கள்

உங்கள் தெருவில் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் உள்ள வீடுகளுக்குப் போங்கள். தடுப்பூசி அட்டையை வாங்கிப் படியுங்கள். ரோட்டா சொட்டு எத்தனை முறை ஆகியிருக்கிறது என்று தாய்க்கும் படித்துக் காட்டுங்கள். விட்டுப்போயிருந்தால் அடுத்த தடுப்பூசி நாளில் அந்தத் தாயுடன் நீங்களும் போய் வாருங்கள்.